யூனிக்ஸ் கார்டுக்குப் பொட்டு வைத்த கதை

கல்யாணமான ஆண்கள் எல்லோரும் ஏதாவது ஒரு நிபந்தனைக்குக் கட்டுப்பட்டுத்தான் காலம் தள்ளுகிறோம். மற்றவர்களுக்கு அது என்ன நிபந்தனை என்றாவது தெரிந்திருக்கும். எனக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. "கண்டிஷன் எதுவா இருந்தாலும் சரி" என்று பெரியவர்கள் முன்னிலையில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்ட மாப்பிள்ளை, பூனா ஜில்லாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். காலையில் குப்பை டப்பாவைக் கீழே கொண்டுபோய் வைப்பது, சனிக்கிழமை தோசைக்கு மாவு அரைப்பது, அவளுடைய சித்தப்பா வந்தால் ஸ்டேஷனுக்குப் போய் பெட்டி தூக்குவது எல்லாமே அந்தக் கண்டிஷனில் அடக்கம் என்கிறாள் என் மனைவி சுமதி. இல்லை என்று நிரூபிக்க என்னிடம் ஆதாரம் இல்லை. இருந்த ஒரே ஆதாரத்தை, கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே என் கையால் பிடுங்கிக் கொன்றுவிட்டேன்.

அது ஒரு கம்ப்யூட்டர் கார்டு.

அப்போது நான் இளைஞன். தலையில் முடி இருந்தது. அதைவிட அதிகமாகத் தலைக்கனம் இருந்தது. அப்பாவுக்குப் பூனாவை ஒட்டிய கட்கியில் வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை. வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து குடியேறி, வீட்டில் தமிழ், வாசலில் இந்தி, காய்கறிக்காரியிடம் மராத்தி என்று வாழ்ந்த குடும்பம். நான் என்ஜினியரிங் முடித்துவிட்டு கசார்வாடியில் ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்திருந்தேன். கம்பெனி என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். பழைய மும்பை ஹைவே ஓரத்தில் ஒரு லேத் பட்டறை. அதன் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு ஷெட். முதலாளி குல்கர்னி சார். அவரையும் என்னையும் சேர்த்தால் கம்பெனி முடிந்தது.

நாங்கள் விற்க நினைத்த சரக்கைச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்து பி.சி. என்பது ஒரு நேரத்தில் ஒரு ஆள், ஒரு வேலை. ஒருவர் உட்கார்ந்துவிட்டால் மற்றவர்கள் பின்னால் நின்று அவர் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். யூனிக்ஸ் என்பதோ ஏ.சி. அறைக்குள், பீரோ சைஸ் மிஷினில் ஓடுகிற ராஜ பரம்பரை. அந்த யூனிக்ஸைச் சாதாரண பி.சி.யில் ஓடவைக்க ஒரு கார்டு வந்திருந்தது. ஒரு முழ நீளப் பச்சை அட்டை. அதிலேயே தனியாக ஒரு பிராசசர், தனியாக மெமரி. அதைப் பி.சி.யின் வயிற்றுக்குள் செருகிவிட்டால் யூனிக்ஸ் கார்டின் மேல் ஓடும். பி.சி.யின் சொந்த பிராசசர் எடுபிடி ஆகிவிடும். மாடிக்கு வாடகைக்கு வந்தவர் கலெக்டராகிவிட, கீழ்வீட்டு ஓனர் அவருக்குத் தபால் வாங்கி வைக்கிற ஆளாகிப்போனால் எப்படி இருக்கும்? அப்படி. பிறகு ஒயர் இழுத்து நாலு டெர்மினல்களை மாட்டினால், ஒரே பி.சி.யில் நாலு பேர் ஒரே நேரத்தில் வேலை செய்யலாம்.

இதை நான் பார்த்தவர்களிடமெல்லாம் விளக்கினேன். பால்காரரிடம்கூட விளக்கினேன். (அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நாளைக்கு அரை லிட்டரா, ஒரு லிட்டரா?" என்றார்.)

இந்த நேரத்தில்தான் சுமதி வீட்டு ஜாதகம் வந்தது. பொருந்தியது. பெண் பார்க்கப் போனோம். அவள் அப்பா தனசேகரன் பூனாவிலேயே ஒரு பேங்கில் அதிகாரி. குடியாத்தத்துக்காரர். அதிகாரியானாலும் பழைய யூனியன் ஆள். சுமதி காபி கொண்டுவந்தாள். "டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணியிருக்கேன்" என்றாள். அவ்வளவுதான் பேசினாள். அந்த ஒரு வாக்கியத்துக்கே நான் காலி. ஹையர் என்பதை அவள் சொன்ன தோரணையில், அந்தப் பெண் இல்லாவிட்டால் வாழ்க்கையே இல்லை என்று முடிவுகட்டிவிட்டேன். அவளுக்கு என்னைப் பிடித்ததா என்று மட்டும் தெரியவில்லை. முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

தனசேகரன் என் வேலையைப் பற்றிக் கேட்டார். சொன்னேன்.

"கம்ப்யூட்டரா?" என்றார். சாராயக் கடையா என்று கேட்கிற மாதிரி இருந்தது. "நாலு பேர் செய்யுற வேலையை அந்த மிஷின் ஒண்ணே செஞ்சிடுமாமே. மீதி மூணு பேர் எங்க தம்பி போவாங்க? எங்க ஆளுங்க வயித்துல அடிக்கிற வேலையைச் செய்யுறவருக்கு நானே பொண்ணு குடுத்தா, நாளைக்கு பிராஞ்ச்ல எவன் என்னை மதிப்பான்?"

"சார், எங்க மிஷின் அப்படி இல்ல. ஒரே மிஷின்ல நாலு பேருக்கு வேலை குடுக்கும்" என்றேன். பெரிய சாமர்த்தியசாலி என்று நினைப்பு. "வந்து பாருங்களேன்."

அவர் யோசித்தார். "சரி. விஜயதசமி நல்ல நாள். அன்னிக்கு வந்து பாக்குறோம். திருப்தியா இருந்தா அன்னிக்கே தட்டு மாத்திக்கலாம். இல்லேன்னா தப்பா நெனச்சுக்காதீங்க" என்றார்.

"நாலு பேர் உக்கார்ந்தாதான் சார் மிஷினோட அருமை தெரியும். அவங்களையும் கூட்டிட்டு வாங்க" என்று சுமதி இருந்த பக்கம் பார்க்காமலேயே சொன்னேன். இதில் ஒரு உள்நோக்கம் இருந்தது. யூனிக்ஸில் ஒரு டெர்மினலில் இருப்பவர் இன்னொரு டெர்மினலுக்கு நேராகச் செய்தி அனுப்பலாம். இங்கே ஒரு வரி அடித்து என்டர் தட்டினால் அங்கே போய் விழும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குக்கூடத் தெரியாது. பெரியவர்கள் சுற்றி உட்கார்ந்திருக்கும்போதே அவளிடம் "என்னைப் பிடித்திருக்கிறதா?" என்று கேட்டுவிடலாம். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். அப்படி மெச்சிக்கொண்ட ஒவ்வொரு முறையும் எனக்கு ஏதாவது ஒன்று நடந்திருக்கிறது என்பதை அந்த வயதில் கவனித்திருக்கவில்லை.

குல்கர்னி சாருக்கு ஒரே குஷி. பேங்க் அதிகாரி வருகிறார், நாளைக்கு அவரே கஸ்டமராகலாம் என்று கணக்குப் போட்டார். ஆனால் விஜயதசமிக்கு இரண்டு நாள் முன்னால் சாயங்காலம் அவர் நடந்துகொண்ட விதம் விசித்திரமாக இருந்தது. கம்பெனியிடம் இருந்தது ஒரே ஒரு கார்டு. யாரோ வெளிநாட்டிலிருந்து வந்தவர் சூட்கேசில், பனியன்களுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்தது. அதை மிஷினிலிருந்து கழற்றி, பழைய பனியன் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார்.

"பாலு, இது இங்க இருக்கக் கூடாது. என் வீட்டுலயும் இருக்கக் கூடாது. நீ எடுத்துட்டுப் போ. தசரா அன்னிக்குக் காலையில கொண்டுவந்து மாட்டு" என்றார் இந்தியில். பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்க மதராசி வீட்டுல தசரா கிசரா எல்லாம் கிடையாதே?" என்று கேட்டார்.

"கிடையவே கிடையாது சார்" என்றேன் நெஞ்சை நிமிர்த்தி. பொய் இல்லை. எங்கள் வீட்டில் கொண்டாடுவது சரஸ்வதி பூஜையும் ஆயுத பூஜையும்தானே!

"பகவான் காப்பாத்தினார்" என்று மூச்சு விட்டார். திருட்டு பயம் போலிருக்கிறது, பண்டிகைக் காலம், என்று நினைத்துக்கொண்டேன். அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்று அரை நிமிடம் யோசித்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் கார்டை அலமாரிக்குள் வைத்தேன். அம்மா எட்டிப் பார்த்தாள்.

"இன்னாடா இது, பச்சையா கீது? ரங்கோலி அச்சா?"

"ம்மா, தொடாத. என் வேலை மொத்தமும் இதுக்குள்ளதான் இருக்கு. என் சோறு இது. கல்யாணமும் இத்த நம்பித்தான்" என்றேன்.

ஒரு தமிழ்த் தாயிடம், அதுவும் ஆயுத பூஜைக்கு முதல் நாள், எந்த வாக்கியத்தைச் சொல்லக் கூடாதோ அதைத் தேடிப்பிடித்துச் சொல்லியிருக்கிறேன்.

மறுநாள் நான் விஜயதசமிக்குத் தேங்காய் வாங்க கட்கி பஜாருக்குப் போனேன். கூட்டம். திரும்பி வரும்போது பூஜை முடிந்து சாம்பிராணிப் புகை வீடெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தது. சாமி படத்துக்கு முன்னால் அப்பாவின் ஸ்பேனர்கள், ஸ்க்ரூடிரைவர், அரிவாள்மனை, என் காலேஜ் புத்தகங்கள் எல்லாம் வரிசையாக இருந்தன. நடுநாயகமாக, வெற்றிலையின் மேல், சாமந்திப்பூ சூடி, குல்கர்னி சாரின் யூனிக்ஸ் கார்டு.

கிட்டே போய்ப் பார்த்தேன். அட்டையின் அடிவிளிம்பில், மிஷினுக்குள் செருகுகிற இடத்தில், தங்க முலாம் பூசிய சின்னச் சின்னப் பற்கள் வரிசையாக இருக்கும். அந்தப் பற்கள் வழியாகத்தான் கார்டு பி.சி.யோடு பேசும். அம்மா ஒரு பல்லைக்கூட விடவில்லை. ஒவ்வொன்றுக்கும் சந்தனம் தடவி, அதன்மேல் கச்சிதமாக ஒரு குங்குமப் பொட்டு.

"ம்மா! இன்னாம்மா பண்ணிவெச்சிருக்கே!"

"இன்னா பண்ணேன்? உன் வேலை மொத்தம் அதுக்குள்ள கீதுன்னு நீதானே சொன்னே. பல்லு தங்கத்துல மின்னுச்சு, அதான் எல்லாத்துக்கும் வெச்சேன். கண்ணு வலி எடுத்துபோச்சு" என்றாள் பெருமையாக.

எடுக்கப் போனேன். என் கையைத் தட்டிவிட்டாள். "பூஜையில வெச்ச ஆயுதத்த இன்னிக்கித் தொடக் கூடாது. காலையில மறுபூஜை ஆனப்புறம் எடுத்துக்கோ. நாளைக்கு உனக்கு நல்லது நடக்கணுமா வேணாமா?"

அப்பாவைப் பார்த்தேன். அவர் அவசரமாகப் பொரி தின்ன ஆரம்பித்தார். எங்கள் வீட்டில் அதுதான் அவருடைய தீர்ப்பு.

விஜயதசமி காலையில் மறுபூஜை முடிவதற்குள் சந்தனம் சுண்ணாம்புபோலக் காய்ந்துவிட்டது. தேங்காய் உடைத்த கையோடு கார்டை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன். கசார்வாடி லோக்கலில் ஜன்னலோர இடம் கிடைத்தது. கைக்குட்டையை எச்சில் தொட்டு ஒவ்வொரு பல்லாகத் துடைக்க ஆரம்பித்தேன். (ஆமாம், எச்சில். மின்னணுப் பொறியியல் படித்தவன்தான்.)

எதிர் சீட்டில் ஒரு மராத்தி அம்மாள், மடியில் கூடை நிறையச் சாமந்திப்பூவுடன் உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு வெடித்தார்.

"அரே! தசரா அன்னிக்குக் குங்குமத்தை அழிக்கிறியா? உனக்கு அம்மா அப்பா இல்லையா?"

"அம்மாதான் மவுசி வெச்சாங்க" என்றேன் எனக்குத் தெரிந்த மராத்தியில். மவுசி என்றால் சித்தி.

"அம்மா வெச்ச குங்குமத்தை அழிக்கிறியா!"

நிலைமை இன்னும் மோசமானது. பெட்டியே திரும்பிப் பார்த்தது. "படிச்ச புள்ளைங்க எல்லாம் இப்படித்தான்" என்று ஒருவர் ஆரம்பித்தார். கைக்குட்டையைச் சட்டைப்பைக்குள் சொருகிக்கொண்டேன். பாதிப் பல் சுத்தம், பாதிப் பல் மங்களம். அந்த அம்மாள் சமாதானமாகி, கூடையிலிருந்து ஒரு பூவை எடுத்துக் கார்டின் மேல் வைத்துக் கும்பிட்டார். தசரா வாழ்த்துச் சொல்லிவிட்டுத்தான் இறக்கிவிட்டார்கள்.

ஷெட்டுக்குப் போனால் குல்கர்னி சார் வாசலில் மாவிலைத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார். தனசேகரன் குடும்பமும் ஆட்டோவில் கிளம்பிய என் அப்பா அம்மாவும் ஏற்கெனவே வந்து, மடக்கு நாற்காலிகளில் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தார்கள். அம்மா மடியில் பழத்தட்டு. சுமதி மாம்பழக் கலர் புடவையில் இருந்தாள். எனக்குத் துடைக்க ஏது நேரம்? சாரிடம் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. சுமதி நிமிர்ந்து பார்த்தாள். அவள் எதிரே "சார், எங்கம்மா கார்டுக்குப் பொட்டு வெச்சுட்டாங்க" என்று சொல்ல நாக்கு எழவில்லை. முதுகால் மறைத்துக்கொண்டு, எச்சில் ஈரத்தோடு கார்டைச் செருகி, மூடியைப் போட்டு ஸ்விட்சைத் தட்டினேன்.

ஓடியது! கடவுள் சத்தியமாக ஓடியது. நாலு டெர்மினல்களிலும் பச்சை எழுத்துகள் வந்தன. தனசேகரன் ஒன்றில், அப்பா ஒன்றில், அம்மா ஒன்றில், சுமதி ஒன்றில். மெயின் மிஷினில் நான். குல்கர்னி சார் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கல்யாண வீட்டு மண்டபக்காரர் மாதிரி சுற்றிச்சுற்றி வந்தார்.

தனசேகரன் கணக்குப் போடும் புரோகிராமில் வட்டி கணக்கிட்டார். அப்பா ஒரு விரலால் தன் பெயரை அடித்துவிட்டு, அது திரையில் வந்ததும் கையெடுத்துக் கும்பிட்டார். அம்மா ஒரே ஒரு எழுத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். திரை முழுக்க அது வரிசை வரிசையாக ஓடியது. "கோலம் மாரியே கீது" என்றாள். சுமதியின் விரல்கள் மட்டும் தறி ஓடுகிற மாதிரி ஓடின.

"பரவாயில்லையே" என்றார் தனசேகரன். "ஒரு மிஷின், நாலு பேருக்கும் வேலை இருக்கு. இதுல ஆள்குறைப்பு ஒண்ணும் தெரியலையே."

எனக்குத் தலைகால் புரியவில்லை. இதுதான் சமயம் என்று சுமதியின் டெர்மினலுக்குச் செய்தி அனுப்பினேன். என்னை உங்களுக்குப் பிடித்திருக்கிறதா, இந்தக் கல்யாணத்தில் உங்களுக்குச் சம்மதமா என்று ஆங்கிலத்தில். (ஒரு பிழை இருந்தது. இன்றுவரை சொல்லிக்காட்டுகிறாள்.) பதில் அனுப்பும் வழியையும் அதற்குக் கீழே அடித்திருந்தேன்.

அவள் திரையைப் பார்த்தாள். காது சிவந்தது. என்னைப் பார்க்கவில்லை. விரல்களைப் பலகையில் வைத்தாள். என் திரையில் ஒரு வரி வந்து விழுந்தது.

"ஐ ஹேவ் ஒன் கண்டிஷன்."

அப்போதுதான் அந்த வாசனை வந்தது. கம்மென்று சந்தனம். ஷெட் முழுக்கக் கோயில் மாதிரி மணந்தது.

"அடடா, எங்கிருந்து இவ்ளோ நல்ல வாசனை? நல்ல சகுனம்" என்றார் தனசேகரன்.

அவர் சொல்லி வாய் மூடவில்லை. என் திரையில் எல்லாம் அழிந்து ஒரே ஒரு வார்த்தை வந்து நின்றது. யூனிக்ஸ் தலைதப்ப வழியே இல்லை என்று கையை விரிக்கும்போது போடுகிற வார்த்தை அது. தனசேகரன் எழுந்துவந்து என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, சத்தம் போட்டுப் படித்தார்.

"பானிக்! பானிக்னு போட்டிருக்கே தம்பி. எதுக்கு பானிக்? யாரு பானிக் ஆவணும்? மிஷினா, நாமளா?"

"நார்மல் சார், நார்மல்" என்றார் குல்கர்னி சார். அவர் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

நிதானமாக ஸ்விட்சை அணைத்துவிட்டுக் கார்டைக் கழற்றியிருக்க வேண்டும். சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் என் மண்டைக்குள் ஒரே ஒரு விஷயம்தான் ஓடியது. என்ன கண்டிஷன்? அது வருவதற்குள் நின்றுவிட்டதே! மூடியைத் தூக்கினேன். கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே கார்டைப் பிடித்து ஒரே இழுப்பு. பட்டென்று நீலமாக ஒரு பொறி. மெல்லிய புகை. சந்தன வாசனையோடு கருகல் வாசனையும் கலந்தது. கையில் கார்டோடு நின்றேன். விளிம்பில் பாதிப் பற்களில் குங்குமப் பொட்டுகள் பளிச்சென்று தெரிந்தன.

பிறகு என் அம்மாவின் குரல் கணீரென்று எழுந்தது.

"நான் வெச்ச சந்தனம்! அதான் அப்படி மணக்குது. அசல் மைசூர் சந்தனக்கட்டை, நானே கல்லுல அரைச்சது. சம்பந்தி, இன்னும் கொஞ்சம் கீது, எடுத்துக்கிறீங்களா?"

குல்கர்னி சாருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் "சந்தனம்" புரிந்தது. குங்குமத்தை அவர் கண்ணாலேயே பார்த்தார். அருகில் வந்து கார்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பாலு, உன் வீட்டுல தசரா கிடையாதுன்னு சொன்னியே!"

"தசரா கிடையாது சார். இது ஆயுத பூஜை."

அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "போன தடவை தசராவுக்கு என் ஆயி, என்னைப் பெத்த அம்மா, முதல் கார்டுக்கு இதேதான் பண்ணாங்க. மஞ்சள், குங்குமம், அட்சதை. ஒரு அரிசி உள்ள போய் மாட்டிக்கிச்சு. இந்தத் தடவையும் ஷெட்டுக்கு வந்து பூஜை பண்ணுவேன்னாங்க. அவங்க கையிலேருந்து காப்பாத்தத்தானே உன் வீட்டுக்கு அனுப்பினேன்! மதராசி வீடு, சேஃப்னு அனுப்பினேன்!"

அழப்போகிறார் என்று நினைத்தேன். சிரிக்க ஆரம்பித்துவிட்டார். அது சாதாரணச் சிரிப்பு இல்லை. ஸ்டூல் ஆடியது. எனக்கோ உள்ளே எல்லாம் இடிந்து விழுந்துகொண்டிருந்தது. வேலை போயிற்று, கல்யாணம் போயிற்று, இனி அப்பாவின் தொழிற்சாலையில் கேட் பாஸ் எழுதத்தான் லாயக்கு என்று நின்றேன்.

தனசேகரன் தொண்டையைச் செருமினார். தட்டோடு எழுந்து போய்விடுவார் என்று எதிர்பார்த்தேன்.

"தம்பி, உண்மையைச் சொல்லட்டுமா?" என்றார். "இந்த மிஷின் வந்து எங்க ஆளுங்க வேலையையெல்லாம் முழுங்கிடும்னு தூக்கமே இல்லாம இருந்தேன். இப்பதான் நிம்மதியா இருக்கு. ஒரு பொட்டு வெச்சதுக்கே படுத்துக்குது. இதைக் காபந்து பண்ணவே பிராஞ்சுக்குப் பத்து பேர் புதுசா எடுக்கணும் போலிருக்கே! இந்த வேலைக்கு ஒரு குறையும் வராது. எனக்குப் பூரண சம்மதம்."

என் காதுகளை என்னாலேயே நம்ப முடியவில்லை. அவர் மகள் பக்கம் திரும்பினார். "நீ என்னம்மா சொல்றே?"

சுமதி அப்போதுதான் டெர்மினலிலிருந்து கையை எடுத்தாள். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் அடிக்கும்போது தாளையும் பார்க்கக் கூடாது, விரலையும் பார்க்கக் கூடாது என்று பழக்கிவிடுவார்கள். அவள் எதிர்ச்சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தபடி, இவ்வளவு களேபரத்திலும் நிற்காமல், செத்துப்போன மிஷினில் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

"நான் சொல்லவேண்டியதை எல்லாம் அடிச்சு முடிச்சிட்டேன்பா" என்றாள்.

எல்லோரும் அவள் திரையைப் பார்த்தோம். டெர்மினலுக்குத் தனிக் கரண்ட் என்பதால், என் கேள்வியும் அவளுடைய முதல் வரியும் மட்டும் பச்சையாக நின்றன. அதன்பிறகு ஒரு எழுத்து இல்லை. தனசேகரன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு என் கேள்வியைப் படித்தார். (சத்தமாக. பிழையோடு சேர்த்து.) அப்பா மறுபடி பொரியைத் தேடினார்.

"என்னம்மா கண்டிஷன்?" என்றார் தனசேகரன்.

சுமதி புடவைத் தலைப்பைச் சரிசெய்தாள். "நான் சொல்லிட்டேன்பா. அவரோட மிஷின் வாங்கிக்கலேன்னா நான் என்ன பண்றது? ஹையர் பாஸ் பண்ணவ ஒரு தடவைதான் அடிப்பேன்."

அப்போது அவள் முகத்தில், முதல் முறையாக, ஒரு சின்னச் சிரிப்பு தெரிந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு எஞ்சியிருந்த புத்தியும் போனது.

"கண்டிஷன் எதுவா இருந்தாலும் சரி சார்! எனக்குச் சம்மதம்!" என்று கத்திவிட்டேன்.

"எதுவா இருந்தாலுமா?" என்றாள் சுமதி. என்னிடம் அவள் பேசிய இரண்டாவது வாக்கியம் அதுதான்.

"எதுவா இருந்தாலும்."

தட்டு மாற்றிக்கொண்டார்கள். ஷெட்டில், நாலு உறைந்துபோன டெர்மினல்களுக்கு நடுவே. குல்கர்னி சார் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. அனுப்பினால் தன் ஆயியையும் வீட்டை விட்டு அனுப்ப வேண்டியிருக்கும் என்றார். கல்யாணத்துக்கு வந்தவர், கருகிய அந்தக் கார்டைக் கண்ணாடி ஃபிரேம் போட்டுப் பரிசாகக் கொடுத்தார். அது இன்றும் எங்கள் பூஜை அலமாரியில், முருகனுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கார்டைக் கொன்றது சந்தனமா, என் கையா என்ற வழக்கு எங்கள் வீட்டில் இன்னும் முடியவில்லை. "சந்தனம் வெச்சப்போ நாலு பேருக்கும் ஓடிச்சே, நீ புடுங்கினப்புறம்தானே செத்துச்சு" என்பது அம்மாவின் வாதம். உண்மைதான். ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை.

மகள் நித்யா இப்போது கராடியில் ஐ.டி. பார்க்கில் வேலை செய்கிறாள். தமிழ் கொஞ்சம் தடுக்கும். இந்த வருடம் ஆயுத பூஜைக்கு லேப்டாப்பைக் கொண்டுவந்து வைத்தாள். சுமதி அதன் முதுகில் மட்டும் ஒரு பொட்டு வைத்தாள். பிறகு ஃபிரேமைக் கழற்றி, பழைய கார்டின் ஒவ்வொரு பல்லுக்கும் சந்தனம் குங்குமம் வைக்க உட்கார்ந்தாள். நான் பால்கனியில் மாவிலை கட்டிக்கொண்டிருந்தேன்.

"ம்மா, ஆக்சுவலா அந்த கண்டிஷன் என்ன? எனக்கு மட்டும் சொல்லு. பிராமிஸ்" என்று நித்யா கேட்பது காதில் விழுந்தது. மாவிலை என் கையில் அப்படியே நின்றது.

சுமதி குரலைத் தாழ்த்தினாள். ஆனால் அவள் தாழ்த்தினாலே எதிர் ஃபிளாட்டுக்குக் கேட்கும். "யாருக்குடி ஞாபகம் இருக்கு? கல்யாணம் ஆன ஒரு வருஷத்துலயே மறந்துபோச்சு. உங்கப்பாகிட்ட சொல்லித் தொலைச்சிடாதே."

எனக்கு ரத்தம் கொதித்தது. எத்தனை சனிக்கிழமை மாவு! எத்தனை சித்தப்பா பெட்டி! இன்றைக்கு விடுவதில்லை என்று உள்ளே போனேன். சுமதி நெற்றியில் குங்குமம் சிதறியிருக்க, மூக்கு நுனியில் கண்ணாடியோடு, அந்தச் செத்த கார்டின் கடைசிப் பல்லுக்குக் கவனமாகப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தாள்.

"என்னங்க, வாழை இலை வாங்கலையே. ஒரு நடை மார்க்கெட் போயிட்டு வந்துடுங்க."

"ஏன், அதுவும் கண்டிஷன்ல இருக்கா?"

"அதுதானே முதல் வரியே" என்றாள், கண் இமைக்காமல்.

முதல் வரி எனக்கு வந்து சேர்ந்திருந்தது. அதில் வாழை இலை இல்லை. நித்யா உதட்டைக் கடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

பையை எடுத்துக்கொண்டேன். போகிற வழியில் குப்பை டப்பாவையும் எடுத்துக்கொண்டேன்.